பூட்டும் முன் சாவியைப் பற்றிப் பேசுங்கள்: லினக்ஸ் நிறுவித் தரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

விடுமுறை நாளில் கல்லூரி ஆய்வகத்திலோ நூலக அறையிலோ உட்கார்ந்து, யார் யாரோ தூக்கிக்கொண்டு வரும் மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவித் தருகிறவர்கள் நீங்கள். காசு வாங்குவதில்லை. ஒரு டீயோடு உங்கள் வேலை முடிந்துவிடுகிறது. வாங்கிக்கொண்டு போகிறவரோ அந்தக் கணினியை வருடக்கணக்கில் ஓட்டப்போகிறார். நிறுவும்போது நீங்கள் போட்ட ஒவ்வொரு டிக்கும் அத்தனை காலமும் அவர் தலையில். அதில் ஒரே ஒரு டிக்கைப் பற்றித்தான் இந்த மடல்: ஹோம் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்வது.

"ஹோமை என்கிரிப்ட் பண்ணிக் கொடுங்க, எந்த ஃபைல் சிஸ்டம் நல்லது?" என்று ஒருவர் கேட்டால் போதும், நம் ஆட்கள் அணி பிரிந்துவிடுவார்கள். ஒருவர் இஎக்ஸ்டி4 என்பார். இன்னொருவர் பிடிஆர்எஃப்எஸ் போடாதவர்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். மூலையிலிருந்து ஒரு குரல் இசட்எஃப்எஸ் என்று முணுமுணுக்கும். சுவையான சண்டைதான், நானும் கலந்துகொள்வேன். ஆனால் கேட்டவருக்கு அதில் பதில் இல்லை. பூட்டு எந்த அடுக்கில் தொங்கப்போகிறது, சாவி தொலைந்தால் என்ன வழி என்ற இரண்டும் முடிவான பிறகு பேச வேண்டியது கோப்பு முறைமை. முதல் இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் மூன்றாவது பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

எதற்குப் பூட்டுகிறோம் என்பதை முதலில் அவருக்குச் சொல்லுங்கள். "அதான் லாகின் பாஸ்வேர்டு இருக்கே" என்பார். அவர் கண்முன்னே செய்து காட்டுங்கள். நீங்கள் நிறுவப் பயன்படுத்தும் அதே பென் டிரைவிலிருந்து அவருடைய கணினியை ஏற்றி, வட்டை மவுண்ட் செய்து, ரூட்டாக அவர் ஹோமுக்குள் நுழையுங்கள். எந்தப் பாஸ்வேர்டும் கேட்காது. உள்ளே ஃபயர்ஃபாக்ஸின் புரொஃபைல் ஃபோல்டர் இருக்கும். முதன்மைக் கடவுச்சொல் வைக்காதவருடைய சேமித்த பாஸ்வேர்டுகளும் அவற்றைத் திறக்கும் சாவியும் அந்த ஒரே ஃபோல்டரில் அருகருகே கிடக்கின்றன. அப்படியே நகலெடுத்து வேறு கணினியில் வைத்தால் எல்லாம் திறந்துகொள்ளும். பக்கத்திலேயே ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம், பட்டா ஸ்கேன், குடும்பப் படங்கள். பேருந்தில் பையோடு போன லேப்டாப், பழுதுபார்க்கக் கொடுத்த லேப்டாப், பழைய விலைக்கு விற்ற லேப்டாப் எல்லாவற்றிலும் இதுதான் கதை.

என்கிரிப்ஷன் எதைச் செய்யாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது, அவர் உள்ளே நுழைந்திருக்கும்போது, பூட்டு திறந்துதான் இருக்கிறது. தவறான இணைப்பைச் சொடுக்கினால் அது காப்பாற்றாது. மூடியை மடித்து உறங்க வைத்தாலும் சாவி நினைவகத்திலேயே இருக்கும். மின்சாரம் துண்டித்த பிறகும் ரேமில் சில நொடிகள் தங்கும் தடயத்திலிருந்து சாவியை எடுக்க முடியும் என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2008-லேயே செய்து காட்டிவிட்டார்கள். பயணத்தின்போது உறங்க வைக்காதீர்கள், முழுதாக அணையுங்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

இனி அடுக்கு. கூட்டுக் குடும்பத்து வீட்டில் வாசல் கதவுக்கும் பூட்டு உண்டு, ஒவ்வொருவர் பீரோவுக்கும் பூட்டு உண்டு. லக்ஸ் என்பது வாசல் பூட்டு: கோப்பு முறைமைக்கும் கீழே, வட்டின் மட்டத்தில் எல்லாவற்றையும் மூடிவிடும். எஃப்எஸ்கிரிப்ட், இகிரிப்ட்எஃப்எஸ் போன்றவை பீரோ பூட்டு: ஆளுக்கொரு சாவி. ஒரே கணினியை ஒருவர் மட்டும் பயன்படுத்தினால் வாசல் பூட்டு போதும். அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்ளும் கணினி என்றாலோ, சின்ன அலுவலகத்தில் மூன்று பேர் மாறி மாறி உட்காரும் கணினி என்றாலோ வாசல் பூட்டு மட்டும் போதாது. கடவுச்சொல் தெரிந்த எல்லோரும் உள்ளே வந்துவிடுகிறார்களே.

பீரோ பூட்டில் நம் ஊரில் பலருக்குப் பழக்கமானது இகிரிப்ட்எஃப்எஸ்தான். 2006-ல் 2.6.19 கர்னலில் சேர்ந்தது. உபுண்டு 2008-ல் ஒரே ஒரு தனிப்பட்ட ஃபோல்டரை மட்டும் பூட்டும் வசதியாக அதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு முழு ஹோமுக்கும் நீட்டித்தது. "என் ஹோம் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்" என்ற அந்தச் சின்னப் பெட்டியில் நாம் எத்தனை பேருக்கு டிக் போட்டிருப்போம்! 2018-ல் வந்த 18.04 பதிப்பின் நிறுவியில் உபுண்டு அந்தப் பெட்டியை எடுத்துவிட்டது; முழு வட்டையும் என்கிரிப்ட் செய்யுங்கள் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு வந்த டெபியன் 10-ல், தீராத ஒரு பெரிய வழு காரணமாக இகிரிப்ட்எஃப்எஸ்ஸின் கருவித் தொகுப்பே இடம்பெறவில்லை. ஆனால் லினக்ஸ் மின்ட்டின் நிறுவியில் அதற்குப் பிறகும் பல பதிப்புகளில் அந்தப் பெட்டி தொடர்ந்தது. நம் முகாம்களில் மின்ட்தான் அதிகம் போகிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களை இகிரிப்ட்எஃப்எஸ் நேராக அடிக்கிறது. சாதாரணமாக லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட் வரை போகலாம். இகிரிப்ட்எஃப்எஸ் பெயரையும் மறைக்கும்போது, மறைத்த பெயரின் முன்னால் எல்லாக் கோப்புக்கும் ஒரே மாதிரியான நீண்ட முன்னொட்டு ஒன்றைச் சேர்க்கிறது. மறைத்த பெயரும் அச்சிடக்கூடிய எழுத்துகளாக மாறும்போது நீள்கிறது. எல்லாம் கழிந்து நமக்கு மிஞ்சுவது 143 பைட். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அங்கே யாருக்கும் வலிக்கவில்லை. யுடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனி மூன்று பைட். 'டு' என்று ஓர் எழுத்து போட்டால் ஆறு பைட் போய்விடும். 'தமிழ்நாடு' என்ற ஐந்தெழுத்துக்கு 27.

கணக்குப் போட்டே பார்ப்போம். "வாடகை ஒப்பந்தம் கையெழுத்திட்ட நகல் திருத்தப்பட்டது" என்று ஒருவர் ஒரு பிடிஎஃப் கோப்புக்குப் பெயர் வைக்கிறார். ஐந்தே சொல், கண்ணுக்குத் தெரிவது 28 எழுத்து. யூனிகோட் குறிகள் 46, அதற்கு 138 பைட். நடுவில் நான்கு இடைவெளி. புள்ளியோடு சேர்த்து பிடிஎஃப் பின்னொட்டுக்கு இன்னொரு நான்கு. மொத்தம் 146. பெயர் மிக நீளம் என்று கணினி மறுத்துவிடும். பழைய கணினியிலிருந்து ஹோமை அப்படியே நகலெடுக்கும்போது இந்தக் கோப்புகள் மட்டும் பிழைச் செய்தியோடு பின்தங்கிவிடும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் முனையத்தில் அந்தச் செய்தியை யார் படிக்கிறார்கள்? நகல் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பழைய வட்டை அழித்துவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் ஒப்பந்தத்தைத் தேடுவார்கள்.

இடமும் வீணாகும். எவ்வளவு சின்னக் கோப்பானாலும் குறைந்தது எட்டு கிலோபைட் தலைப்பை (ஹெட்டர்) சுமக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் மாணவர் ஒரு புராஜெக்ட்டைத் தொடங்கினாலே பல்லாயிரம் குட்டிக் கோப்புகள் வந்து இறங்கும். 50,000 கோப்பு என்றால் தலைப்புக்கு மட்டும் சுமார் 400 மெகாபைட். ஆகவே இகிரிப்ட்எஃப்எஸ் பெட்டியைக் கண்டால் டிக் போடாமல் கடந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுக் கொடுத்தவர்களை அழைத்து, மெதுவாக வேறு முறைக்கு மாற்றிக் கொடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அதன் இடத்துக்கு வந்தது எஃப்எஸ்கிரிப்ட். இது மேலே ஒட்டிய அடுக்கு அல்ல. கோப்பு முறைமைக்குள்ளேயே இருப்பது. கூகுள் பொறியாளர்கள் இஎக்ஸ்டி4-க்காக எழுதியது, 2015-ல் 4.1 கர்னலில் சேர்ந்தது. உடனே எஃப்2எஃப்எஸ்ஸுக்கும் வந்தது. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் கைப்பேசிகளில் கோப்பு மட்ட என்கிரிப்ஷனுக்கு அடித்தளம் இதுதான். கோடிக்கணக்கான கைகளில் தினமும் அடிபட்டுத் தேறிய நிரல் என்பது சாதாரணச் சான்றிதழ் அல்ல. பெயர் நீளம் 255 பைட்டாகவே இருக்கிறது, மேலே சொன்ன வாடகை ஒப்பந்தம் நிம்மதியாக உட்காரும். வட்டு இடத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டியதில்லை. பகிர்ந்துகொள்ளும் கணினி என்றால் இஎக்ஸ்டி4 மேல் எஃப்எஸ்கிரிப்ட் என்பதே என் தேர்வு. பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் இது கிடையாது என்பதால் கோப்பு முறைமைச் சண்டை இங்கே தானாகவே முடிகிறது.

குறைகளும் உண்டு. பூட்டிய நிலையில் கோப்பின் பெயரும் உள்ளடக்கமும் மறைந்திருக்கும்; அளவு, தேதி, அனுமதி, எத்தனை கோப்பு, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் எப்படி அடுக்கியிருக்கிறது என்பதெல்லாம் வெளியே தெரியும். சாதாரணத் திருடனுக்கு இது ஒன்றுமில்லை. செய்தியாளருக்கோ வழக்கறிஞருக்கோ நிறுவித் தருகிறீர்கள் என்றால் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. அடுத்து, ஏற்கெனவே கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை இருந்த இடத்திலேயே எஃப்எஸ்கிரிப்ட் பூட்டாது. காலி ஃபோல்டரைப் பூட்டி, அதற்குள் நகலெடுத்து, பழையதை அழிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் 'அழித்தேன்' என்பதை நம்ப முடியாது. பழைய தொகுதிகள் எங்கோ ஒரு சில்லில் மிஞ்சியிருக்கலாம். அதனால் நிறுவும் நாளிலேயே, ஹோமில் ஒன்றும் வந்து விழும் முன்பே செய்துவிட வேண்டும்.

மூன்றாவது விஷயம்தான் ஆய்வகங்களில் ஆளை அழவைப்பது. எஃப்எஸ்கிரிப்ட்டின் சாவியை நாம் பெரும்பாலும் லாகின் பாஸ்வேர்டோடு கட்டிவிடுகிறோம். பயனர் தானே பாஸ்வேர்டை மாற்றினால், உள்நுழைவைக் கையாளும் பிஏஎம் தொகுதி சரியாக அமைந்திருக்கும்பட்சத்தில், சாவியின் உறையும் கூடவே மாறும். பாஸ்வேர்டை மறந்துபோனவருக்கு நிர்வாகி ரூட்டாக உள்ளே போய்ப் புதிய பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தால், லாகின் திறக்கும், ஹோம் திறக்காது. பழைய பாஸ்வேர்டு கையில் இல்லையென்றால், மீட்புச் சொல் ஒன்று முன்பே தனியாக வைத்திருந்தால்தான் வழி. கைரேகையால் நுழைகிறவருக்கும், பாஸ்வேர்டே கேட்காமல் நேரே திரைக்குப் போகும்படி அமைத்தவருக்கும் அதே சிக்கல்: சாவியைத் திறக்கப் பாஸ்வேர்டு எங்கிருந்து வரும்? "தானாக உள்நுழை" என்ற வசதியையும் பூட்டிய ஹோமையும் ஒரே கணினியில் வைக்கக்கூடாது.

ஹோமை மட்டும் பூட்டுவதில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஒருவருடைய தரவெல்லாம் ஹோமில்தான் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். அது அப்படி இருப்பதில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ரூட்டின் கீழே 'வார்' ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது. டாக்கர் சேமிப்பவையும் அங்கேதான். அச்சடிக்கக் கொடுத்த ஆவணத்தின் நகல் பணி முடிந்த பிறகும் அச்சு அமைப்பான கப்ஸின் வரிசையில் கொஞ்ச நேரம் கிடக்கும். தற்காலிகக் கோப்புகள், பதிவேடுகள் எல்லாம் வெளியே. எல்லாவற்றுக்கும் மேலே ஸ்வாப்: நினைவகம் நெருக்கும்போது திறந்திருக்கும் கடிதமும் பாஸ்வேர்டும் அப்படியே வட்டுக்கு இறங்கிவிடும். நான்கு ஜிபி ரேமில் குரோமைத் திறந்து வைத்திருப்பவருக்கு இது தினசரி நடப்பு. ஹோமைப் பூட்டிவிட்டு ஸ்வாப்பைத் திறந்து விட்டால் செய்த வேலை பாதிக்குப் பாதி வீண்.

ஆகவே ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மடிக்கணினி என்றால், கேள்வியே வேண்டாம், முழு வட்டுக்கும் லக்ஸ். இன்றைய நிறுவிகள் பெரும்பாலும் ஒரே டிக்கில் செய்து தருகின்றன. ஸ்வாப்பும் உள்ளே அடங்கிவிடும். லக்ஸின் கருவியான கிரிப்ட்செட்டப் 2.0-வோடு 2017 கடைசியில் வந்த லக்ஸ்2 வடிவத்தில், கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துப் பார்ப்பதை மெதுவாக்க ஆர்கான்2 முறை இருக்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் நிறைய நினைவகம் தின்னும் என்பதால் வரைகலை அட்டைகளை அடுக்கி வைத்துத் தாக்குவது கடினமாகிறது. ஒரே வட்டுக்கு 32 சாவித் துளைகள் வரை வைக்கலாம். இந்த ஏற்பாட்டில் கோப்பு முறைமைக்கு என்கிரிப்ஷன் நடப்பதே தெரியாது. 255 பைட்டும் முழுதாகக் கிடைக்கும்.

லக்ஸுக்கு மேலே எது? இங்கேதான் நம் பழைய சண்டைக்கு நியாயமான இடம். பிடிஆர்எஃப்எஸ் அன்பர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. லக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் முறை தரவை மறைக்கும். நடுவில் ஒரு பிட் கெட்டுப்போனால் கண்டுபிடிக்காது, குப்பையையே திறந்து கையில் கொடுத்துவிடும். பிடிஆர்எஃப்எஸ் ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்திருப்பதால் "இது கெட்டுவிட்டது" என்று சொல்லும். இஎக்ஸ்டி4 தன் உள்விவரங்களுக்கு மட்டுமே அப்படி வைத்திருக்கிறது. சுருக்குவதும் பிடிஆர்எஃப்எஸ்ஸில் உண்டு. சுருக்கிய பிறகே தரவு லக்ஸுக்கு இறங்குவதால் பலன் முழுதாகக் கிடைக்கும். மறைத்த தரவைச் சுருக்க முடியாது என்பதால் இகிரிப்ட்எஃப்எஸ்ஸைப் பிடிஆர்எஃப்எஸ் மேல் வைத்தால் இந்தப் பலன் போய்விடும். ஸ்னாப்ஷாட்டும் இருக்கிறது. ஃபெடோரா 2020-ல் 33-ஆம் பதிப்பிலிருந்து பணிமேசைக்குப் பிடிஆர்எஃப்எஸ்ஸையே இயல்பாக்கியது சும்மா அல்ல.

ஆனால் நீங்கள் நிறுவுவது உங்கள் கணினியில் அல்ல. பழைய ஸ்னாப்ஷாட்டுகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு, 128 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பி, கோப்பை அழித்தாலும் இடம் வராமல் விழிக்கும் நிலை பிடிஆர்எஃப்எஸ்ஸில் வரும். அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும். அந்தக் கணினியின் சொந்தக்காரர் ராத்திரி பதினொரு மணிக்கு யாரிடம் கேட்பார்? அழைத்தால் எடுப்பேன் என்று உறுதி தருகிறவர் தாராளமாகப் பிடிஆர்எஃப்எஸ் போடட்டும். தர முடியாதவர் இஎக்ஸ்டி4 போடுவதே அறம். எக்ஸ்எஃப்எஸ் நல்ல முறைமைதான். ஆனால் அதைப் பெருக்கலாம், குறைக்க முடியாது. பிறகு விண்டோஸுக்கு இடம் வேண்டும் என்று வருகிற வீட்டுக் கணினியில் அது தொல்லை. இசட்எஃப்எஸ் தனக்கென்று என்கிரிப்ஷன் வைத்திருக்கிறது, 2019-ல் 0.8 பதிப்பில் வந்தது. சர்வர் வைத்துப் பராமரிப்பவர்களுக்கு உரியது. பிகேஷ்எஃப்எஸ் 2024 தொடக்கத்தில் 6.7-இல் கர்னலுக்குள் வந்து, அடுத்த ஆண்டே வெளியேறியது. அதை முகாமில் பேச்சுக்குக்கூட எடுக்க வேண்டாம்.

சிஸ்டம்டி-ஹோம்டி பற்றி உங்களில் சிலர் ஆர்வமாக இருப்பது தெரியும். 2020 மார்ச்சில் சிஸ்டம்டி 245-ல் வந்தது. ஒவ்வொரு பயனரின் ஹோமையும் தனி லக்ஸ் கோப்பாகவே ஆக்கிவிடுகிறது. பீரோவுக்கே வாசல் பூட்டு போட்டது போல அளவு, தேதி எதுவும் வெளியே தெரியாது. கோப்பு முறைமை உண்மையிலேயே முடிவைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். ஆளுக்கு இவ்வளவு என்று இடம் ஒதுக்க வேண்டும். ஒருவருக்குப் போதாமல் இன்னொருவரிடம் மிஞ்சினால் ஒன்றைச் சுருக்கி மற்றதைப் பெருக்க வேண்டும். இஎக்ஸ்டி4 ஓடிக்கொண்டிருக்கும்போதே பெருகும், சுருங்க வேண்டுமானால் கழற்ற வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் சுருங்கவே மாட்டாது. பிடிஆர்எஃப்எஸ் இரண்டையும் ஓட்டத்திலேயே செய்யும். அதனால்தான் ஹோம்டி அடுத்த பதிப்பிலேயே பிடிஆர்எஃப்எஸ்ஸை இயல்பாக்கிக்கொண்டது. அழகான வடிவமைப்பு. ஆனால் வெளியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியே நுழைய முயன்றால், ஹோம் பூட்டியிருக்கும்போது அனுமதிச் சாவிப் பட்டியலும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். அதற்கென்று தனி ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் கணினியில் போட்டு விளையாடுங்கள். அம்மாவின் கணினியில் வேண்டாம்.

வேகம் குறையுமா என்று எல்லோரும் கேட்பார்கள். இன்டெல் 2010-ல் தன் செயலிகளில் என்கிரிப்ஷனை வேகமாக்கும் ஏஇஎஸ் கட்டளைகளைச் சேர்க்கத் தொடங்கியது; ஆனால் பென்டியம், செலரான் என்ற பெயரில் வந்த பலவற்றுக்கு அது நெடுநாள் கிடைக்கவில்லை. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளின் காலத்துக் கணினிகள் இன்னும் முகாமுக்கு வருகின்றன. கிரிப்ட்செட்டப்பில் பெஞ்ச்மார்க் என்ற துணைக் கட்டளை இருக்கிறது. ஓட்டிப் பாருங்கள்; வரும் எண் வட்டின் வேகத்தைவிடப் பெரிதாக இருந்தால் கவலையில்லை. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் பெரும்பாலும் வட்டுதான் மெதுவாக இருக்கும். எண் மிகவும் குறைந்தால் அடியான்டம் என்ற முறை இருக்கிறது. ஏஇஎஸ் கட்டளை இல்லாத எளிய செயலிகளுக்கென்றே கூகுள் உருவாக்கியது, 5.0 கர்னலில் சேர்ந்தது.

கடவுச்சொல்லைப் பற்றி நம்மவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. லக்ஸ் கடவுச்சொல்லைத் தமிழில் வைக்காதீர்கள். கணினி ஏறும்போது வரும் அந்த முதல் கட்டத்தில் ஐபஸ் கிடையாது, தமிழ்99 கிடையாது. விசைப்பலகை ஆங்கிலத்தில்தான் பேசும். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் நான்கைந்து சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது. பழமொழியாகவோ பாட்டு வரியாகவோ இருக்க வேண்டாம், சம்பந்தமில்லாத சொற்களாக இருக்கட்டும்.

இனி, நாம் பெரும்பாலும் செய்யாமல் விடுவது. லக்ஸில் உண்மையான சாவி உங்கள் கடவுச்சொல் அல்ல. வட்டின் தொடக்கத்தில், லக்ஸ்2-ல் வழக்கமாக 16 மெகாபைட் அளவுக்கு, ஒரு தலைப்பு இருக்கிறது. அதற்குள் பொதிந்திருப்பதே சாவி. கடவுச்சொல் அந்தப் பொதியைத் திறக்கிறது. யாராவது வேறு நிறுவியை ஓட்டித் தவறான பார்ட்டிஷனில் எழுதிவிட்டால், தலைப்பு போனது போனதுதான். கடவுச்சொல் மனப்பாடமாக இருந்தும் ஒரு கோப்புகூடத் திரும்பாது. தரவு மீட்பு நிறுவனம் எத்தனை ஆயிரம் கேட்டாலும் திரும்பாது. அதனால் நிறுவிய கையோடு தலைப்பைப் பேக்கப் எடுக்கும் கட்டளையை ஓட்டி, அந்தக் கோப்பை வேறொரு பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: பின்னாளில் கடவுச்சொல்லை மாற்றினாலும், பழைய தலைப்பு நகலும் பழைய கடவுச்சொல்லும் சேர்ந்தால் வட்டு இன்னும் திறக்கும். கடவுச்சொல் வெளியே போய்விட்டது என்ற சந்தேகத்தில் மாற்றுகிறவர் பழைய நகலையும் ஒழிக்க வேண்டும்.

இரண்டாவது சாவித் துளையில் ஒரு நீண்ட மீட்புச் சொல் போடுங்கள். அதைக் காகிதத்தில் எழுதி, பத்திரம், நகை வைக்கும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். "காகிதத்திலா?" என்று சிரிப்பார்கள். கணினியைத் திருடுகிறவன் பீரோவில் காகிதம் தேடுவதில்லை. இகிரிப்ட்எஃப்எஸ் காலத்தில் உபுண்டு முதல் முறை உள்ளே நுழைந்ததும் 32 எழுத்துள்ள மீட்புச் சாவியைக் காட்டி, எழுதி வைத்துக்கொள் என்று ஒரு சாளரத்தைத் திறக்கும். விளம்பரத்தை மூடுவது போல அதை மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

பேக்கப் வட்டையும் பூட்டுங்கள் என்று சொல்வேன். ஆனால் அதன் மேல் 'வடிவூட்டாதீர்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். லக்ஸ் போட்ட வட்டை விண்டோஸ் கணினியில் செருகினால், வடிவூட்டினால்தான் பயன்படுத்த முடியும் என்று அது கேட்கக்கூடும். வீட்டில் யாராவது 'சரி' அழுத்திவிடுவார்கள்.

ஆக, ஒருவருக்கான கணினி என்றால் லக்ஸ்2 மேல் இஎக்ஸ்டி4. கூடவே இருந்து பார்த்துக்கொள்வீர்கள் என்றால் பிடிஆர்எஃப்எஸ். பலருக்கான கணினி என்றால் இஎக்ஸ்டி4-இல் எஃப்எஸ்கிரிப்ட், ஸ்வாப்புக்குத் தனிப் பூட்டு. முடிந்தால் இதற்கும் கீழே லக்ஸ், இரண்டும் சேர்ந்து ஓடும். இதை மறுப்பவர்கள் மறுக்கலாம், காரணத்தோடு வாருங்கள், பேசுவோம்.

ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. அடுத்த முகாமில் யாராவது என்கிரிப்ஷன் கேட்டால், பேக்கப் வட்டு கொண்டுவந்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அன்றைக்குப் பூட்டாமல் நிறுவிக் கொடுத்து, வட்டு வாங்கியதும் வரச் சொல்லுங்கள். வந்தால் மீண்டும் புதிதாக நிறுவ வேண்டியிருக்கும், உங்களுக்கு இரட்டை வேலை. ஆனாலும் அப்படியே செய்யுங்கள். தலைப்பு நகலும் மீட்புக் காகிதமும் அவர் கைக்குப் போகும்வரை டிக் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்